71-உம் 76-உம்: தடுப்பு மருந்தின் சதவீதத்தை எப்படிப் படிப்பது?

"பாதிக்குப் பாதிதான் வேலை செய்யுமாமே, அதை எதற்குப் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும்?" குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டாவைரஸ் என்ற கிருமிக்கு எதிரான சொட்டு மருந்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இதோடு கூடவே வருகிற இன்னொரு கேள்வி: "மூன்று தவணையும் கொடுத்தோம், அப்புறமும் பேதி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்படியென்றால் மருந்து பலிக்கவில்லைதானே?"

இரண்டும் நியாயமான கேள்விகள். கேட்கிற தாயை "படிக்காமல் பேசாதே" என்று அதட்டி அனுப்புவது தவறு. அந்தச் சதவீதத்தை அவருக்கு யாரும் ஒழுங்காக விளக்கவில்லை என்பதுதான் உண்மை. செய்திகளில் "தடுப்பு மருந்து 53 சதவீதம் பலன் தரும்" என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். எதற்கு எதிராக 53, யாரோடு ஒப்பிட்டு 53 என்பது அந்த வரியில் இருப்பதில்லை. அந்த இரண்டும் தெரியாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். அதற்கு நல்ல உதாரணம் நம் பக்கத்திலேயே, வேலூரில் இருக்கிறது.

ஹெல்மெட் எதைத் தடுக்கிறது?

ஹெல்மெட் போட்டவர் வண்டியிலிருந்து விழ மாட்டார் என்று யாரும் சொல்வதில்லை. விழுவார். முழங்கை சிராய்க்கும், கால்கூட முறியலாம். ஆனால் தலையில் பலத்த அடி விழும் வாய்ப்பு, போடாதவரைவிட அவருக்குக் குறைவு. ஹெல்மெட் போட்டும் தலையில் அடிபட்டவர் ஒருவரைக் காட்டி "ஹெல்மெட் வீண்" என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். போட்டவர்களில் எத்தனை பேருக்கு அடி, போடாதவர்களில் எத்தனை பேருக்கு அடி என்றுதான் கேட்போம்.

தடுப்பு மருந்திலும் கேட்க வேண்டியது அதே கேள்விதான். ஒரு குழந்தையைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் என இரண்டு கூட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். நோய் யாருக்கு, எங்கே, எவ்வளவு வருகிறது, எதனால் கூடுகிறது அல்லது குறைகிறது என்று மக்கள் கூட்டத்தை வைத்து ஆராயும் துறைக்குத் தொற்றுநோய்ப் பரவலியல் என்று பெயர்.

தொற்று வேறு, நோய் வேறு

ரோட்டாவைரஸ் சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும் கிருமி. 1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும், பேதியால் அவதிப்பட்ட குழந்தைகளின் குடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது இது கண்ணில் பட்டது. தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு உலகத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தையையும் ஐந்து வயதுக்குள் ஒரு முறையாவது இது தொற்றிவிடும். பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசம் இல்லை. சோப்பும் சுத்தமான தண்ணீரும் மற்ற பல பேதிக் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு இதைக் கட்டுப்படுத்துவதில்லை.

கிருமி உடலுக்குள் புகுந்து பெருகுவது தொற்று. அதனால் உடல் பாதிக்கப்பட்டு வாந்தி, காய்ச்சல், தண்ணீராகப் பேதி என்று வெளிப்படுவது நோய். தொற்று வந்த எல்லோருக்கும் நோய் வராது. நோய் வந்தாலும் ஒரு குழந்தை இரண்டு நாளில் தேறிவிடும், இன்னொன்று உடலில் நீர் வற்றி உயிருக்குப் போராடும். 2000-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரோட்டாவைரஸால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2013-இல் அது சுமார் 2 லட்சத்து 15 ஆயிரமாகக் குறைந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இந்தியக் குழந்தைகள்.

அந்த உயிர்களைப் பறித்தது கடுமையான நோய். ஆகவே தடுப்பு மருந்தின் முதல் வேலையும் கடுமையான நோயைத் தடுப்பதுதான். சாதாரணமாக இரண்டு முறை வயிற்றால் போவதையெல்லாம் அது தடுக்குமா என்பது அடுத்த கேள்வி.

வேலூரில் 373 குழந்தைகள்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் மருத்துவர் ககன்தீப் காங். குழந்தைகளின் குடல் தொற்றுகள்தான் அவருடைய ஆராய்ச்சிக் களம். 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பணியாற்றும் பெண் விஞ்ஞானி ஒருவருக்கு அந்தச் சிறப்பு கிடைத்தது அதுவே முதல் முறை. அவருடைய குழு 2002 தொடங்கி வேலூரின் நெருக்கடியான குடிசைப் பகுதிகளில் செய்த ஓர் ஆய்வு நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது.

அது ஒரு பிறப்புத் தொடர் ஆய்வு. குழந்தைகளைப் பிறந்தவுடனே சேர்த்துக்கொண்டு, வளர வளரப் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வுக்கு அந்தப் பெயர். 452 குழந்தைகளைச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகள் முழுவதும் தொடர்ந்தவர்கள் 373 பேர். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழந்தையின் மலத்தைச் சேகரித்தார்கள். பேதி வந்துவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் சேகரித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே குழந்தையின் வீட்டுக்கு 300 முறைக்கு மேல் போக வேண்டியிருக்கும். குழந்தைக்கு ஒன்றும் இல்லாத நாளிலும் மலம் கேட்டு வாசலில் வந்து நிற்பவரை மூன்று ஆண்டுகள் பொறுத்துக்கொண்ட அந்தத் தாய்மார்களுக்கு மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நோய் இல்லாத நாளிலும் ஏன் மலம்? ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளை மட்டும் பார்த்தால் கடுமையான நோய் மட்டும்தான் கண்ணில் படும். சத்தமில்லாமல் வந்து போகும் தொற்றைப் பிடிக்க வீட்டுக்கே போக வேண்டும்.

2011-இல் வெளியான முடிவுகள் இவை. குழந்தைகளில் 56 சதவீதத்தினருக்கு ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே ரோட்டாவைரஸ் தொற்றிவிட்டது. கண்டறியப்பட்ட தொற்றுகளில் சுமார் 30 சதவீதம்தான் முதல் தொற்று, மற்றவையெல்லாம் மறுபடி மறுபடி வந்தவை. ஒவ்வொரு தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு கூடிக்கொண்டே போனது. ஆனால் மூன்று முறை தொற்றிய பிறகும், மிதமான அல்லது கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79 சதவீதம்தான்.

இந்த 79-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்பு மெக்சிகோவில் 200 குழந்தைகளை இதேபோல் பின்தொடர்ந்தார்கள். 1996-இல் வந்த அந்த முடிவுகளில், இரண்டு முறை தொற்றிய குழந்தை எதற்குமே மிதமான, கடுமையான நோய் வரவில்லை. அதை வைத்து எல்லா ஊரிலும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். வேலூரில் இயற்கையான தொற்றே, அதுவும் மூன்று முறை வந்தும், முழுப் பாதுகாப்பு தரவில்லை. வாய்வழிச் சொட்டு மருந்து என்பது வீரியம் குறைந்த ரோட்டாவைரஸை உள்ளே அனுப்பி, இயற்கைத் தொற்று கற்றுத்தரும் பாடத்தை ஆபத்தில்லாமல் உடலுக்குக் கற்றுத்தரும் முறை. நிஜமான தொற்றால் முடியாததை அதன் மென்மையான நகல் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படிச் சரியாகும்?

இதுவரை பார்த்ததில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். தடுப்பு மருந்தின் இலக்கு கடுமையான நோய். அப்புறம், தொற்று கடுமையாகப் பரவும் இடத்தில் இயற்கையான எதிர்ப்பு சக்திகூட நூற்றுக்கு நூறு கிடையாது.

71-க்கும் 76-க்கும் வித்தியாசம் ஐந்துதானா?

இனி அந்த 53 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ரோட்டாவாக் என்பது இந்தியாவில் உருவான சொட்டு மருந்து. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1980-களில் ஒரு பச்சிளம் குழந்தையிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸ் வகையிலிருந்து அது உருவானது. மருத்துவர் எம்.கே. பான் இதற்கு வழிகாட்டிய முக்கிய விஞ்ஞானி. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2014-இல் வெளியாயின.

குலுக்கல் முறையில் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நிஜ மருந்து. இன்னொன்றுக்குப் போலி மருந்து, அதாவது பார்வைக்கு அதே மாதிரி இருந்தாலும் உள்ளே தடுப்புப் பொருள் இல்லாத சொட்டு. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால், மருந்து பெற்ற குழந்தையின் பேதியை அறியாமலேயே லேசாக எடுத்துக்கொள்ளத் தோன்றும்.

"கடுமையான நோய்" என்பதையும் யாருடைய கண்மதிப்புக்கும் விட்டுவிடவில்லை. எத்தனை நாள் பேதி, எத்தனை முறை வாந்தி, காய்ச்சல் எவ்வளவு, நீர்ச்சத்து எவ்வளவு குறைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 20. அதில் 11-ஐத் தொட்டால் கடுமையானது.

முடிவு இப்படி வந்தது: மருந்து பெற்ற குழுவில் 71 முறை கடுமையான ரோட்டாவைரஸ் நோய். போலி மருந்துக் குழுவில் 76 முறை.

இத்தோடு நிறுத்திவிட்டால் யாரும் "வித்தியாசமே இல்லையே" என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரண்டு குழுவும் சம அளவு இல்லை. மருந்து பெற்றவர்கள் 4,532 பேர், போலி மருந்து பெற்றவர்கள் 2,267 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. எத்தனை முறை நோய் வந்தது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, எத்தனை பேரில் வந்தது என்பதைப் பார்க்காமல் விடுவதுதான் தடுப்பு மருந்து பற்றிய பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எல்லாக் குழந்தைகளையும் ஒரே அளவு காலம் கண்காணிக்க முடியாது. சிலர் ஊர் மாறிப் போவார்கள், சிலர் தாமதமாகச் சேர்வார்கள். அதனால் குழந்தை-ஆண்டு என்ற அலகில் எண்ணுகிறார்கள். ஒரு குழந்தையை ஓர் ஆண்டு கண்காணித்தால் ஒரு குழந்தை-ஆண்டு. இரண்டு குழந்தைகளை ஆறாறு மாதம் கண்காணித்தாலும் அதே ஒன்றுதான்.

மருந்துக் குழுவில் 4,752 குழந்தை-ஆண்டுகளில் 71 பாதிப்புகள். அதாவது நூறு குழந்தை-ஆண்டுக்குச் சுமார் 1.5. போலி மருந்துக் குழுவில் 2,360 குழந்தை-ஆண்டுகளில் 76. நூற்றுக்குச் சுமார் 3.2. மூன்றே கால் அளவில் இருந்த ஆபத்து ஒன்றரையாக இறங்கியிருக்கிறது. எவ்வளவு பங்கு குறைந்தது என்று துல்லியமாகக் கணக்கிட்டால் 53.6 சதவீதம். இதற்குப் பெயர்தான் தடுப்புத் திறன்: மருந்து பெறாதவர்களுக்கு இருக்கும் ஆபத்தில் எத்தனை சதவீதத்தை மருந்து குறைத்தது என்ற அளவு.

இது ஒரு மதிப்பீடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே சோதனையை வேறு குழந்தைகளிடம் செய்தால் எண் கொஞ்சம் மாறும். தற்செயலுக்கும் இடம் விட்டுக் கணக்கிட்டால் உண்மையான திறன் 35-க்கும் 67-க்கும் இடையில் எங்காவது இருக்கலாம். பூஜ்ஜியத்தைத் தொடவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

53.6 சொல்லாத விஷயங்கள்

மருந்து பெற்ற நூறு பேரில் 46 பேருக்குக் கடுமையான நோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. பலரும் அப்படித்தான் படிக்கிறார்கள். போலி மருந்து பெற்ற நூறு பேரிலேயே ஓர் ஆண்டில் மூன்று பேர் அளவுக்குத்தான் கடுமையான நோய் வந்தது என்பதை மேலே பார்த்தோம். சதவீதம் குறிப்பது அந்த மூன்றில் எவ்வளவு குறைந்தது என்பதை.

எல்லா வகைப் பேதியும் பாதியாகக் குறையும் என்றும் பொருள் இல்லை. தடுப்பு மருந்து வருவதற்கு முன், இந்தியாவில் பேதிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிறு குழந்தைகளில் பத்துக்கு நான்கு பேரிடம்தான் ரோட்டாவைரஸ் காணப்பட்டது. மற்ற ஆறு பேருக்கு வேறு கிருமிகள், வேறு காரணங்கள். நூற்றுக்கு நூறு வேலை செய்யும் ரோட்டாவைரஸ் மருந்து வந்தாலும் அந்த ஆறை அது தொடாது. சொட்டு மருந்து கொடுத்த பிறகு வந்த பேதி எந்தக் கிருமியால் வந்தது என்பது மலத்தைப் பரிசோதிக்காமல் யாருக்கும் தெரியாது.

வார்டில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் மருந்து பெற்றவர்கள்

இதைக் கேட்டுத்தான் பலர் மிரண்டுபோகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் 1,000 குழந்தைகள். 900 பேருக்கு மருந்து கொடுத்தாயிற்று, 100 பேருக்கு இல்லை. மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குக் கடுமையான நோய் வருகிறது. மருந்து அந்த ஆபத்தைச் சரிபாதியாக்குகிறது.

பெறாத 100 பேரில் நோயாளிகள் 4. பெற்ற 900 பேரில் நூற்றுக்கு இரண்டு வீதம் 18. வார்டில் மொத்தம் 22 பேர், அதில் 18 பேர் மருந்து பெற்றவர்கள். பார்த்தால் மருந்தால்தான் நோய் வருகிறது என்றே தோன்றும். ஆனால் யாருக்குமே மருந்து கொடுக்காமல் விட்டிருந்தால் வார்டில் 40 பேர் படுத்திருப்பார்கள். வராமல் போன அந்த 18 பேரை யாராலும் பார்க்க முடியாது. அவர்கள் வீட்டில் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

எல்லோரும் ஹெல்மெட் போடும் ஊரில், தலையில் அடிபட்டு வருபவர்களில் பெரும்பாலோர் ஹெல்மெட் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். அதே கணக்குதான் இது.

குறைந்த சதவீதம், அதிகப் பலன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தப் பகுதியில் வருவதாக இருக்கட்டும்.

வேறொரு ரோட்டாவைரஸ் மருந்தை ஆப்பிரிக்காவில் தென்னாப்பிரிக்கா, மலாவி என்ற இரண்டு நாடுகளில் சோதித்தார்கள். 2010-இல் முடிவு வந்தது. கடுமையான நோய்க்கு எதிரான தடுப்புத் திறன் தென்னாப்பிரிக்காவில் 76.9 சதவீதம், மலாவியில் 49.4 சதவீதம். மருந்து எங்கே அதிகம் உதவியது என்று கேட்டால் எல்லோரும் தென்னாப்பிரிக்கா என்பார்கள். ஆனால் மருந்து பெற்ற நூறு குழந்தைகளுக்கு ஓர் ஆண்டில் தடுக்கப்பட்ட கடுமையான நோய்ச் சம்பவங்கள் தென்னாப்பிரிக்காவில் 4.2, மலாவியில் 6.7. காரணம், மலாவியில் நோயே அவ்வளவு அதிகம். பெரிய சுமையில் பாதியைக் குறைப்பது, சின்னச் சுமையில் முக்கால் பங்கைக் குறைப்பதைவிடப் பெரிது.

ரோட்டாவாக் சோதனையிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 55 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தால் ஒரு கடுமையான நோய்ச் சம்பவம் தவிர்க்கப்படுகிறது. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் எல்லோருக்கும் கொடுத்து, அதே விகிதம் நிலவினால், அது மூன்றரை லட்சம் சம்பவங்களைத் தாண்டும்.

சரி, ஒரே வகை மருந்து ஓரிடத்தில் 77, இன்னோரிடத்தில் 49 என்று ஏன் மாறுகிறது? தொற்று அதிகம் உள்ள இடங்களில் தாயின் உடலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் அதிகம் இருக்கும். அவை குழந்தைக்கும் போய்ச் சேர்ந்து, சொட்டு மருந்தில் உள்ள மென்மையான வைரஸையும் எதிரி என்று அடக்கிவிடலாம். ஊட்டக்குறைவும், குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு கிருமிகளும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. தாய்ப்பாலைச் சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் நிறுத்தினால் திறன் கூடுமா என்று பல நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். கூடவில்லை. ஆகவே மருந்துக்காகப் பாலை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

சுருக்கமாக: சதவீதம் மருந்தின் குணத்தை மட்டும் சொல்வதில்லை, அது கொடுக்கப்படும் இடத்தையும் சேர்த்தே சொல்கிறது. எத்தனை குழந்தைகள் தப்பினார்கள் என்று அறிய, அந்த இடத்தில் நோய் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தீங்கையும் இதே முறையில்தான் எண்ணுகிறார்கள்

அமெரிக்காவில் 1998-இல் ரோட்டாஷீல்ட் என்ற முதல் ரோட்டாவைரஸ் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. சில குழந்தைகளுக்குக் குடல் செருகல் வந்ததுதான் காரணம். குடலின் ஒரு பகுதி பக்கத்துப் பகுதிக்குள் புகுந்து சிக்கிக்கொள்வதைத்தான் குடல் செருகல் என்கிறார்கள். சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வந்த அந்தத் தீங்கைக் கண்டுபிடித்ததும் இதே தொற்றுநோய்ப் பரவலியல்தான். மருந்து பெறாத குழந்தைக்கும் குடல் செருகல் வருவதுண்டு. எனவே மருந்துக்குப் பிந்தைய நாட்களில் அது வழக்கத்தைவிடக் கூடுகிறதா என்பதே கேள்வி. ரோட்டாவாக் அரசுத் திட்டத்துக்கு வந்த பிறகு இந்தியாவில் இதைத் தனியாக ஆராய்ந்தார்கள். 2020-இல் வெளியான முடிவில் அந்த மருந்துக்கும் குடல் செருகலுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

சோதனைக்கு வெளியே, நிஜ வாழ்க்கையில்

சோதனையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். தவணை தவறாது, மருந்து சரியான குளிரில் இருக்கும். அன்றாட வாழ்வில் அப்படி இருக்காது. அன்றாட நிலைமையில் மருந்து எவ்வளவு ஆபத்தைக் குறைக்கிறது என்பதைப் பயனுறுதி என்று தனியாக அளக்கிறார்கள். பொதுவாக இது தடுப்புத் திறனைவிடக் குறைந்துவிடும்.

இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து 2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. 2017-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. பிறகு பல மாநில மருத்துவமனைகளில் சேர்ந்த குழந்தைகளை வைத்து ரோட்டாவாக்கின் பயனுறுதியைக் கணக்கிட்டபோது 54 சதவீதம் என்று வந்தது. சோதனையில் கிடைத்த 53.6-க்கு அப்படியே பக்கத்தில். இந்த விஷயத்தில் கிராம சுகாதார செவிலியர்களைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். ஐஸ் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தவணை நாளில் போய் நிற்பவர்கள் அவர்கள்தான்.

மிச்சமிருக்கும் பாதிக்கு

சொட்டு மருந்து ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. முதல் தவணை தவறிவிட்டால், அரசுத் திட்டத்தின்படி ஒரு வயது நிறைவதற்குள் தொடங்கலாம்.

அதற்குப் பிறகும் பேதி வந்தால், எந்தக் கிருமியாக இருந்தாலும் முதல் ஆபத்து நீர்ச்சத்து இழப்புதான். பேதி தொடங்கியதுமே ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கத் தொடங்க வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றுவிட்டாலும், 14 நாளும் கொடுக்க வேண்டும். ரோட்டாவைரஸ் ஒரு வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. குழந்தை துவண்டு கிடந்தாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, எதையும் குடிக்க முடியாமல் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போகும் வழியிலும் குடிக்க முடிந்தவரை கரைசலை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போகலாம்.